முகம் தெரியாத நடுவருக்கு ஒரு கதை, பெயர் தெரிந்தவருக்கு ஓர் அட்டை

போட்டிக்குக் கதை அனுப்புகிறவர்களும் பண்டிகைக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்களும் பல வீடுகளில் ஒரே ஆட்கள்தான். ஆனால் இரண்டிலும் நடக்கும் தவறுகள் நேர் எதிரானவை. நடுவருக்கு நம்மைத் தெரியாது என்பது மறந்துபோவதால், மனதில் இருக்கும் பாதிக் கதை தாளுக்கு வராமலே நின்றுவிடுகிறது. அட்டை விஷயத்தில், வாங்கப்போகிறவரை நமக்கு நன்றாகத் தெரியும் என்பதே மறந்துவிடும். யாருக்கும் பொருந்துகிற நாலு வரியை எழுதி உறையை ஒட்டிவிடுகிறோம்.

முதலில் கதை.

போட்டி அறிவிப்பைக் கையில் எடுத்ததும் கண் போவது பரிசுக்கு, அடுத்து கடைசித் தேதிக்கு. உரிமை பற்றிய வரி அடியில், சின்ன எழுத்தில் கிடக்கும். படிக்க வேண்டியது அதைத்தான். ‘பரிசு பெறும் கதைகளை எங்கள் இதழில் வெளியிடுவோம்’ என்றால் கவலையில்லை. கொடுப்பது வெளியிடும் அனுமதி மட்டும். ‘பரிசு பெறும் கதைகளின் பதிப்புரிமை அமைப்பாளர்களுக்கே’ என்றால் நின்று யோசிக்க வேண்டும். நாளைக்குச் சொந்தத் தொகுப்பில் அந்தக் கதையைச் சேர்க்கவே அவர்களிடம் அனுமதி கேட்கும் நிலை வரலாம். ‘போட்டிக்கு வரும் அனைத்துப் படைப்புகளும் எங்களுக்கே உரியவை’ என்று இருந்தால் அனுப்பாதீர்கள். பரிசும் இல்லாமல் கதையையும் விட்டுக்கொடுப்பதில் என்ன லாபம்? எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. படைப்பாளர் உரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 1908 திருத்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த நாடுகளில் இதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. சும்மா கையில் இருப்பதை ஒரு சொடுக்கில் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

விதிகள் உள்ள பக்கத்தை அனுப்பும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விதி மாறினால் கையில் சான்று இருக்கும்.

‘இதுவரை வெளிவராதது’ என்ற நிபந்தனையில் தடுக்கி விழுகிறவர்கள் நிறைய. வலைப்பூ, முகநூல், வாசகர் குழுமம் எல்லாமே வெளியீடு என்றுதான் பெரும்பாலான அமைப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டிருந்தாலும் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. போட்ட கதையை அழித்துவிட்டு அனுப்பினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. யாராவது ஒருவர் அதைப் பகிர்ந்திருப்பார், தேடினால் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன்பே ஒரு வரி எழுதிக் கேட்பது மேல். முடிவு அறிவித்த பிறகு பரிசைத் திரும்பக் கொடுப்பது எல்லோருக்கும் சங்கடம்.

கடைசித் தேதி என்பது அமைப்பாளரின் கடிகாரம். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 அடிக்கும்போது குளிர்கால லண்டனில் மாலை 4 மணிதான். லண்டனில் இருப்பவர் ‘இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது’ என்று மெருகேற்றிக்கொண்டிருந்தால் வாசல் மூடியிருக்கும். ஒருநாள் முன்னதாக அனுப்பிவிடுவதே நல்லது. கடைசி மணி நேரத்தில் இணையப் படிவமும் திணறும்.

சொல் எண்ணிக்கையில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணுகிறது. ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்றால் ஒன்று. ‘எழுதிக் கொண்டிருந்தான்’ என்றால் இரண்டு. ‘எழுதிக் கொண்டு இருந்தான்’ என்றால் மூன்று. ஆயிரத்தைந்நூறு சொல் கதையில் இந்தப் பழக்கம் ஒன்றே நூறு சொல்லுக்கு மேல் வித்தியாசம் காட்டிவிடும். வரம்புக்குள் வருவதற்காகக் கண்டபடி சேர்த்து எழுதினால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும், அந்தத் தந்திரம் அப்பட்டமாகத் தெரியவும் செய்யும். ஒரே முறையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு, வரம்புக்கு ஐம்பது சொல் கீழே நிறுத்துங்கள். அமைப்பாளரின் மென்பொருள் வேறு மாதிரி எண்ணினாலும் தப்பலாம்.

எழுத்துக் கணக்கில் வரம்பு வைக்கும் படிவங்கள் இன்னும் மோசம். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஆகவே ‘200 எழுத்துகளுக்குள் தன்குறிப்பு’ என்று படிவம் கேட்டால், விரலால் எண்ணி 200 எழுதியவரின் கடைசி வரிகளை அது விழுங்கிவிடும். நூறு, நூற்றிருபது எழுத்துக்குள் முடித்துக்கொள்வது பாதுகாப்பு.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்கள் யூனிகோடுக்கு மாற்றிய கையோடு அனுப்பக் கூடாது. மாற்றியில் கால் எனும் துணையெழுத்து (ா) ‘ர’ ஆகிவிடும், அல்லது ‘ர’ துணையெழுத்தாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் படித்துப் பார்த்தாலும் சிக்காது. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்து ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிந்து ‘ஒளவை’ என்று நிற்கும். தேடல் பெட்டியில் ‘ஒள’ என்று போட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. ‘ஒளி’, ‘ஒளிந்து’ போன்றவை சரியாகவே வரும், மற்றவற்றைத் திருத்துங்கள். பி.டி.எஃப் கோப்பில் வேறொரு வினை இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்து எழுத்தை நகலெடுத்து இதழின் பக்கத்தில் ஒட்டும்போது ஒற்றைக்கொம்பும் எழுத்தும் இடம் மாறி, ‘கெட்டி’ என்பது குலைந்து போகும். விதி தடுக்காவிட்டால் வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பரிசு பெற்ற கதை பிழையோடு அச்சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெயர் இல்லாமல் அனுப்பச் சொன்னால் முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகள் பகுதியில் ‘ஆசிரியர்’ என்று உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து, பண்புகளுக்குள் போய், தனிப்பட்ட விவரங்களை நீக்கும் தேர்வை அழுத்துங்கள். பிறகு ஒருமுறை திறந்து, நண்பர் ஓரத்தில் எழுதிய ‘இந்த இடம் இழுக்குது’ போன்ற குறிப்புகளும் திருத்தத் தடங்களும் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்தின் தலைப்பகுதி, அடிப்பகுதி, கோப்பின் பெயர் என்று பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் இன்னும் மூன்று.

இனி எழுத்து. முதல் சுற்றில் படிப்பவரின் மேசையில் கதைகள் குவிந்து கிடக்கும். அவர் தொடக்கத்திலேயே ஏதாவது ஒன்று நடக்கிறதா என்று பார்ப்பார். இப்படி ஒரு தொடக்கம்:

‘அன்று காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்கு மனம் சரியில்லாமல் இருந்தது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்தபடி அம்மாவின் பழைய பெட்டியைத் திறந்தாள்.’

பதினெட்டு சொற்கள். இதில் நடந்தது பெட்டியைத் திறந்தது மட்டும். மனம் சரியில்லை என்பது எழுதியவர் சொல்லும் தகவல். அதைக் காட்ட எதுவும் இல்லை. இதையே,

‘அம்மாவின் பெட்டியை மூன்றாவது முறையாகத் திறந்தாள், சாவி இன்னும் அதில் இல்லை.’

என்று வைத்தால் ஒன்பது சொல். பதற்றம் ‘மூன்றாவது முறை’யிலேயே வந்துவிட்டது, என்ன சாவி என்ற கேள்வியும் சேர்ந்து வந்தது. வரம்பை மீறிய கதையைக் குறைக்க உட்காரும்போது நடுவில் கை வைக்காமல் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் முதலில் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பத்தி நீங்கள் சூடேறிக்கொள்ள எழுதியது, கடைசிப் பத்தி வாசகருக்குப் புரியாதோ என்று பயந்து எழுதியது.

நடுவருக்குத் தெரியாததை நீங்கள் எங்கே விட்டுவிட்டீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்களை நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள். அவர் உங்கள் குரலிலேயே படித்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவார். அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்து, ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘என்ன நடந்தது என்று சொல்லுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் கதையும் நீங்கள் எழுதிய கதையும் எங்கே பிரிகின்றனவோ அங்கே திருத்த வேண்டும்.

ஒரு நோட்டில் கதைப் பெயர், சொல் எண்ணிக்கை, எந்தப் போட்டி, அனுப்பிய நாள், முடிவு வரும் நாள், உரிமை வரி என்று ஆறு கட்டம் போட்டு வையுங்கள். ஒரே கதையை இரண்டு போட்டிக்கு அனுப்பி இரண்டிலும் பரிசு வந்தால் கிடைப்பது தலைவலி.

*

அட்டைக்கு வருவோம். வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்கு எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் வரையச் சொல்லி ஏறக்குறைய ஆயிரம் பிரதி அச்சிட்டார். பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் அதில் வெற்றிடம் விட்டிருந்தது. ஆக, வாழ்த்து அட்டையே நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த பொருள். அதைக் கையால் செய்து, ஒவ்வொன்றையும் ஒருவருக்கென்று ஆக்குவது பிறந்த காரணத்துக்கே எதிரான வேலை. இரண்டு பங்கு நேரம் பிடிக்கும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

நாற்பது அட்டை என்றால் நாற்பதையும் தனித்தனியாக வரைய யாராலும் ஆகாது. படத்தை லினோவில் (உளியால் செதுக்கி அச்சுக்கட்டையாக்கும் மெத்தென்ற தகடு) ஒருமுறை வெட்டி எல்லாவற்றுக்கும் அச்சிடுவது, பெயரையும் வரியையும் கையால் எழுதுவது என்று பிரித்துக்கொண்டால் வேலை நடக்கும்.

தாளில் ஆரம்பிப்போம். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையிலான வழுவழுப்பான அட்டைத் தாள், ஏ4 அளவில். ஒரு தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு ஏ5. அதை மடித்தால் 148க்கு 105 மி.மீ. அளவில் ஏ6 அட்டை. 162க்கு 114 மி.மீ. உள்ள சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். நாற்பது அட்டைக்கு இருபது தாள் என்று கணக்குப் போடாதீர்கள், இருபத்துநான்கு வாங்குங்கள். முதல் மூன்று நான்கு அச்சு கட்டையில் மை பிடிக்கும்வரை வெளிறித்தான் வரும், பெயர் எழுதும்போதும் இரண்டு மூன்று கெடும்.

தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புக் கோட்டின் திசைதான் ஓட்டம். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்திபோல விழும், எதிராக மடித்தால் விளிம்பில் வெடித்து வெள்ளை நார் தெரியும். ஏ4 தாளில் ஓட்டம் நீளவாக்கில் இருந்தால், மேலே சொன்னபடி வெட்டி மடிக்கும்போது அது தானாகவே மடிப்போடு சேர்ந்துவிடும். வாங்கும்போதே வளைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். மடிப்பதற்கு முன் அளவுகோல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள்.

கட்டை 9க்கு 12 செ.மீ. போதும், சுற்றிலும் விளிம்பு கிடைக்கும். லினோ விறைப்பாக இருந்தால் முடி உலர்த்தியில் அரை நிமிடம் காட்டினால் உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும். கோட்டுக்கு வி வடிவ உளி, பரப்பை அள்ளி எடுக்க யு வடிவ உளி. உளி எப்போதும் கட்டையைப் பிடித்திருக்கும் கைக்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். கையை நகர்த்தச் சோம்பல்பட்டுக் கட்டையை மட்டும் திருப்பும்போதுதான் இடது கட்டைவிரல் கிழிகிறது.

கட்டையில் தமிழ் எழுத்தை வெட்டுவது தனிப் பாடம். எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், நேராக வரைகிறவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிவிட்டு வரிசையைத் திருப்ப மறக்கிறார்கள். ‘கொ’ போன்ற எழுத்து முழுப் பொறி: கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் போய், மூன்று துண்டும் தனித்தனியாகத் திரும்ப வேண்டும். மூளையை நம்பாமல் ட்ரேசிங் தாளில் 4பி பென்சிலால் நேராகவே எழுதி, குப்புறப் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தால் பிம்பம் தானாகப் பதியும். வெட்டுமுன் கைக்கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடியில் சரியாகப் படிக்க முடிந்தால் அச்சும் சரியாக வரும்.

அடுத்த சிக்கல் புள்ளி. எழுத்து கறுப்பாகப் பதிய வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அள்ளி, ஒன்றரை மி.மீ. புள்ளியைக் கம்பம்போல நிற்க வைக்க வேண்டும். ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லில் மூன்று புள்ளி. மூன்றில் ஒன்றாவது பறந்துவிடும். எழுத்தையே வெட்டி எடுத்துவிட்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விடுவது இதற்கு நல்ல வழி. அப்போது புள்ளி என்பது யு உளியை ஒரு சுற்றுச் சுழற்றும் குழி, அவ்வளவுதான். எழுத்தின் உயரம் 12 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ‘ழ’, ‘ள’, ‘ண’ இவற்றின் சுழிக்குள் நிற்கும் தீவு உதிர்ந்துவிடும். இன்னொன்று: ‘வாழ்த்துக்கள்’ என்று வெட்டிவிட்டு, ‘க்’ வராது என்று யாராவது சொன்ன பிறகு லினோவை ஒட்டவைக்க முடியாது. ‘வாழ்த்துகள்’ என்பதையே இலக்கணம் அறிந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். வெட்டும் முன் இன்னொருவர் கண்ணில் காட்டுங்கள்.

மையை ஒரு கண்ணாடித் துண்டில் சிறுபயறு அளவுக்கு வைத்து ரோலரால் பரப்புங்கள். சரியான அளவில் இருந்தால் ரோலர் உருளும்போது ‘சர்ர்’ என்று மெல்லிய சத்தம் வரும், பரப்பு வெல்வெட் போல இருக்கும். பச்சக் பச்சக் என்று ஒட்டினால் மை அதிகம், மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். அச்சில் உப்பு தூவினதுபோல வெள்ளைப் பொட்டுகள் விழுந்தால் மை போதவில்லை, இல்லை அழுத்தம் போதவில்லை. இந்த அளவுக் கட்டையில் ஐம்பது அச்சுக்கு 37 மி.லி. குழாய் ஒன்று தாராளம்.

அழுத்த இயந்திரம் இல்லாமல் கரண்டியால் தேய்த்து அச்சிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 250 ஜி.எஸ்.எம். அட்டையில் கரண்டி அழுத்தம் மறுபக்கம் போய்ச் சேராது. கை வலிக்கும், படம் திட்டுத் திட்டாக வரும். 90 ஜி.எஸ்.எம். தாளில் அச்சிட்டு, காய்ந்ததும் வெட்டி அட்டையில் ஒட்டுவதே சரி. ஒட்ட நீர்ப்பசை வேண்டாம், அட்டை நெளியும். இருபக்க டேப் போதும்.

நீர் மை அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் வெப்பமான நாளில் கண்ணாடித் துண்டிலேயே காய்ந்து தொல்லை கொடுக்கும். பின்னாளில் ஈர விரல் பட்டால் கரையும் வகைகளும் உண்டு. எண்ணெய் மை காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது, ஆவியாகிக் காய்வதில்லை. அதனால்தான் அடுக்கி வைத்த அட்டைகள் ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு நான்கிலிருந்து ஏழு நாள் விடுங்கள். மழைக்காலமானால் இன்னும் கூட.

பெயர் எழுதுவதில்தான் அட்டை ஒருவருக்குரியதாகிறது, அதே இடத்தில்தான் மானமும் போகிறது. ன, ண, ந, ர, ற, ல, ள, ழ. ஒலியை நம்பி எழுதாதீர்கள், அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். ஒருவர் ‘ராஜேஷ்’, இன்னொருவர் ‘இராசேசு’. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது அட்டையின் வேலை இல்லை. அவர் கையெழுத்திட்ட ஏதாவது பழைய கடிதமோ செய்தியோ இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள். மூத்தவர்களுக்கு எழுதும்போது ஒரு சின்ன விளையாட்டு: 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை, னை, ளை, ணை எல்லாம் துதிக்கை போட்ட வடிவத்தில்தான் இருந்தன. அவர்கள் பள்ளியில் எழுதிப் பழகிய வடிவத்திலேயே பெயரை எழுதினால் அட்டையைக் கீழே வைக்கவே மாட்டார்கள்.

பட்டியலில் மிக நீளமான பெயரை முதலில் பென்சிலால் எழுதி, எழுத்தின் அளவை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். ‘ரவி’யில் ஆரம்பித்தால் ‘கார்த்திகேயன்’ மடிப்பைத் தாண்டிப் போய் நிற்பார். அச்சான எண்ணெய் மையின் மேல் நீர் மைப் பேனா பிடிக்காது. பெயருக்கு வெற்றுத் தாளில் 15 மி.மீ. உயரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள். நீரில் கரையாத நிறமி மைப் பேனா நல்லது. பென்சில் கோட்டை அழிக்க மறுநாள்வரை பொறுங்கள், ஈர மையின் மேல் அழிப்பான் போனால் சாம்பல் வால் ஒன்று நிரந்தரமாக நிற்கும். ஒரே மூச்சில் பத்துப் பெயருக்கு மேல் எழுத வேண்டாம். பதினொன்றாவதில் கை தானாகப் பழைய பெயரையே எழுதும்.

பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதுங்கள். போன ஆண்டுப் பட்டியலை அப்படியே எடுத்தால், இடையில் இறந்துபோனவர் பெயரோடு ஓர் அட்டை அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய பிழை இந்த வேலையில் இல்லை. பிரிந்துவிட்டவர்கள், புதிதாகப் பிறந்த குழந்தை, மாறிய முகவரி எல்லாம் அதே நேரத்தில் சரிபார்த்துவிடலாம். துக்கம் நடந்த வீட்டுக்குக் கொண்டாட்டப் படம் வேண்டாம். அச்சில்லாத வெற்று அட்டையில் நாலு வரி எழுதினால் போதும்.

எழுதும் வரிக்கு ஒரு சோதனை. பெயரைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். ‘இந்த இனிய நாளில் எல்லா வளமும் பெற்று வாழ வாழ்த்துகிறேன்’. யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். ‘கொட்டும் மழையில் நின்றுபோன வண்டியை இரண்டு தெரு தள்ளிக்கொண்டு வந்தீர்களே அண்ணா, அது இன்னும் ஓடுகிறது’. இது ஒருவருக்குத்தான் போகும். ஓரத்தில் சின்னதாக அந்த வண்டியை வரைந்துவிட்டால் வேறு அலங்காரமே வேண்டாம். போட்டிக் கதையில் இந்த வரி விளக்கமில்லாமல் வந்தால் நடுவர் திணறுவார். இங்கே விளக்கினால்தான் கெடும்.

ஓரிருவருக்குத் தனி நீர்வண்ண ஓவியமே தரலாம் என்றால் 300 ஜி.எஸ்.எம். தாள், நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப். முழுக்கக் காய்ந்த பிறகு, முடி உலர்த்தியால் டேப்பை இளக்கி, தாளோடு படுத்தவாக்கில் மெல்ல இழுங்கள். அவசரப்பட்டு மேல்நோக்கி இழுத்தால் தாளின் தோலும் சேர்ந்து வரும்.

தொங்கவிடும் அலங்காரத்துக்கு உப்பு மாவு எளிது: மைதா இரண்டு பங்கு, தூளுப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்துங்கள். 6 மி.மீ. கனத்தில் தேய்த்து, வெட்டி, துளையைச் சுடுவதற்கு முன்பே போட்டு, அவனில் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்த வேண்டும். சூட்டைக் கூட்டினால் உப்பிப் பொக்குளம் போடும். வார்னிஷ் இரண்டு பக்கமும் விளிம்பிலும் பூசாவிட்டால் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, அடுத்த ஆண்டு எடுக்கும்போது பிசுபிசுக்கும். நாய் இருக்கும் வீட்டுக்கு இதைக் கொடுக்காதீர்கள்; அவ்வளவு உப்பைத் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

தபாலில் போகும் அட்டைக்குள் மெல்லிய தாள் ஒன்றை இடையில் வையுங்கள், மை எதிர்ப்பக்கம் படியாது. மினுமினுப்புத் தூள் போடாதீர்கள், பெறுபவரின் தரையில் மாதக் கணக்கில் கிடக்கும். நாடா, மெழுகு முத்திரை, பொத்தான் எல்லாம் தடிமனைக் கூட்டும். சில நாடுகளில் 5 மி.மீ.யைத் தாண்டினாலே வேறு கட்டணம். சதுர உறைக்கும் அப்படி உண்டு, பிரிக்கும் இயந்திரத்துக்கு எது மேல் எது கீழ் என்று தெரியாது. மொத்தத்தில் பண்டிகைக்கு எட்டு வாரம் முன்னால் பட்டியலும் படமும், ஆறாவது வாரத்தில் வெட்டு, ஐந்தில் அச்சு, நான்கில் உலர்ந்து மடிந்து வெளிநாட்டு உறைகள் கிளம்ப வேண்டும், மற்றவை இரண்டாவது வாரத்தில். பாதியில் நேரம் போதாதென்று தெரிந்தால் படத்தைச் சுருக்குங்கள், எழுதும் வரியை விட்டுவிடாதீர்கள். செய்தவுடன் படமெடுத்து இணையத்தில் போடும் ஆசையையும் கொஞ்சம் அடக்குங்கள். அட்டை கைக்குப் போகுமுன் திரையில் பார்த்துவிட்டவருக்கு உறையைப் பிரிப்பதில் என்ன இருக்கிறது? உறையின் முகவரி படத்தில் விழக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கதையும் கைவேலையும் சேரும் ஒரு வடிவமும் உண்டு: ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கக் குறும்புத்தகம். தாளைப் படுக்கவாக்கில் வைத்து எட்டாக மடித்துப் பிரியுங்கள். கீழ்வரிசையில் இடமிருந்து 6, 7, 8, 1. மேல்வரிசையில் இடமிருந்து 5, 4, 3, 2, இவை தலைகீழாக. நடுக்கிடைக் கோட்டில் மையத்து இரண்டு கட்டங்களுக்கு மட்டும், அதாவது ஏறக்குறைய 148 மி.மீ., வெட்டுங்கள். நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டு விரிந்து, பக்கங்கள் சிலுவைபோல நிற்கும். சுற்றி மடித்தால் புத்தகம். 1 முன்னட்டை, 8 பின்னட்டை. பக்கம் 74க்கு 105 மி.மீ.தான்; வீட்டு அச்சு இயந்திரம் தாளின் ஓரத்தில் அச்சிடாது, ஆகவே 8 மி.மீ. விளிம்பு விடுங்கள். 9 புள்ளி எழுத்தில் உள்பக்கங்கள் ஆறிலும் சேர்த்து முந்நூற்றைம்பது சொல் அடங்கினால் பெரிது. தாள் 100 ஜி.எஸ்.எம்.; 120ஐத் தாண்டினால் மூடாமல் விறைத்து நிற்கும்.

இதில் போடும் கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நாற்பது பேருக்கு அச்சிட்டுக் கொடுத்ததையும் சில போட்டிகள் ‘வெளிவந்தது’ என்றே கொள்ளும். நோட்டைத் திறந்து, முடிவு வந்துவிட்ட, உரிமை உங்களிடமே இருக்கும் கதையாக எடுங்கள். முடிவுத் தேதி பண்டிகைக்குப் பிறகு என்றால், இந்த ஆண்டுக்கு வேறு கதை.